பேதி உப்புப் பிரபு

ஜெஸ்ஸி பூட் கெமிஸ்ட் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிரிட்டன் முழுக்க ஐந்நூற்றுச் சொச்சம் மருந்துக் கடைகளுக்கு முதலாளி, ‘தேசத்துக்கே கெமிஸ்ட்’ என்று கூசாமல் விளம்பரம் போட்டுக்கொண்ட கம்பெனியின் ஸ்தாபகர், அந்தக் கடைகளின் புண்ணியத்தில் சர் ஆகி, பரோனெட் ஆகி, கடைசியில் டிரெண்ட் பிரபுவே ஆனவர். எல்லாம் சரி, மருந்தாளுநர் பரீட்சை மட்டும் அவர் தேறியதில்லை. அபினி கலந்த மருந்து ஒரு சீசாவைத் தன் பெயரில், தன் கையால் விற்றிருந்தால், 1868ஆம் ஆண்டின் மருந்துக் கடைச் சட்டம் அவரைக் கூண்டில் ஏற்றியிருக்கும்.

நாட்டிங்ஹாமில் பல்கலைக்கழக வாசலில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. ஊருக்கே பெரிய மனிதர் என்ற தோரணை. பார்த்தால் பிறக்கும்போதே கையில் நன்கொடைச் சீட்டோடு பிறந்தவர் என்று தோன்றும். ‘பேதி உப்பை மலிவாக விற்றவர்’ என்று யாரும் கீழே பொறித்துவைக்கவில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதல் வரியாகப் போட்டிருக்க வேண்டும். பூங்கா, பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி எல்லாம் பிறகு வந்தவை. மலச்சிக்கலில் தவித்த ஒரு தொழிலாளர் நகரத்துக்கு அவர் செய்த முதல் தர்மம், லாபத்துக்காகச் செய்தது.

அப்பா ஜான் பூட் பண்ணைக் கூலி. ஞாயிற்றுக்கிழமைகளில் வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையில் பிரசங்கி. மெதடிஸ்ட் சபைக்கும் மருந்துக்கும் உள்ள உறவு, சபை பிறந்த காலத்திலேயே தொடங்கியது. ஸ்தாபகர் ஜான் வெஸ்லி 1747இல் ஒரு கைவைத்தியப் புத்தகம் போட்டார். டாக்டருக்கு அழ வழியில்லாத ஏழைகளுக்காக எழுதியது. வழுக்கையா? தலை சிவக்கும்வரை வெங்காயம் தேய், மேலே தேன் தடவு. (சின்ன வெங்காயச் சாற்றைத் தேய்த்துவிட்டுக் கண்ணாடியில் முடியைத் தேடுகிற நம்மவர்கள் யாரும் வெஸ்லியைப் படித்ததில்லை. தலைக்கு வெங்காயம் என்ற யோசனை மனிதகுலத்துக்கே பொது போலிருக்கிறது.) குடல் முறுக்கிக்கொண்டதா? உயிருள்ள நாய்க்குட்டி ஒன்றை வயிற்றின் மேல் வைத்து அணைத்துக்கொள். காசநோயா? புல்தரையில் சின்னக் குழி வெட்டி, தினம் காலையில் கால் மணி நேரம் அதற்குள் மூச்சு விடு. வெறி முற்றிய பைத்தியத்துக்கு, ஒரு மாதம் ஆப்பிளைத் தவிர வேறொன்றும் கொடுக்காதே.

1776இல் வில்லியம் ஹாஸ் என்ற லண்டன் டாக்டருக்குப் பொறுக்கவில்லை. இந்தப் புத்தகம் ஆளைக் கொல்லும் என்று வரிவரியாகக் கிழித்து ஒரு மறுப்புப் புத்தகமே எழுதினார். வெஸ்லி கோபப்படவில்லை. பத்திரிகையில் அவருக்கு நன்றிக் கடிதம் வெளியிட்டார். தாங்கள் திட்டியதிலிருந்து என் புத்தகம் முன்னைவிட அதிகமாக விற்கிறது, தயவுசெய்து இன்னும் கொஞ்சம் திட்டுங்கள் என்பது அதன் சாரம். மெதடிஸ்ட் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வித்தை ரத்தத்திலேயே இருந்திருக்க வேண்டும். நூறு வருஷம் கழித்து ஜெஸ்ஸி செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.

ஜான் பூட் 1849இல் நாட்டிங்ஹாமின் கூஸ் கேட் தெருவில் ஒரு கடை போட்டார். ‘பிரிட்டிஷ் அமெரிக்கத் தாவரவியல் ஸ்தாபனம்’ என்று பெயர்ப் பலகை. பலகையின் நீளத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம், உள்ளே இருந்தது நாட்டு மருந்துக் கடை. அப்போது இங்கிலாந்து ஏழைகளிடம் அமெரிக்க மூலிகை வைத்தியத்துக்குப் பெரிய மவுசு. சாமுவேல் தாம்சன் என்ற விவசாயி அங்கே கிளப்பிவிட்ட முறை அது. அவருடைய சித்தாந்தம் எளிமையானது. உடம்பில் சூடு குறைவதுதான் எல்லா நோய்க்கும் மூலம். ஆகவே லொபீலியா என்ற செடியைக் கொடுத்து வாந்தி எடுக்கவை, பிறகு மிளகாய்த் தூளைக் கொடுத்துச் சூடேற்று. நோயாளிக்கு நோய் போகிறதோ இல்லையோ, வைத்தியம் நடந்திருக்கிறது என்பதில் சந்தேகமே வராது. டாக்டர்கள் அதே காலத்தில் பாதரசமும் அட்டைப்பூச்சியும் வைத்துக்கொண்டு செய்தவற்றைப் பார்த்தால், மிளகாய்த் தூள் கருணையான மருந்து என்றே சொல்ல வேண்டும்.

1860இல் ஜான் பூட் காலமானார். பையனுக்குப் பத்து வயது. அம்மா மேரி கடையை மூடவில்லை, ஜெஸ்ஸியையும் கூட வைத்துக்கொண்டு நடத்தினார். வயல்வெளிக்குப் போய்ச் செடி பறிப்பது, காயவைப்பது, இடிப்பது, சலிப்பது, பொட்டலம் கட்டுவது. பதிமூன்று வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு. இருபத்தொன்றில் அம்மாவுக்குப் பங்குதாரர். வாடிக்கையாளர்கள் எல்லாரும் லேஸ் பின்னுகிறவர்கள், காலுறைத் தறிக்காரர்கள், அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள். அரை பென்னிக்குப் பொட்டலம் கேட்கிற கூட்டம். அங்கே நின்றுகொண்டுதான் பையன் ஒன்றைக் கவனித்தான். மூலிகைக்கு இருந்த மவுசு இறங்குகிறது. ஜனங்கள் பேட்டன்ட் மருந்து கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, விலையைக் கேட்டதும் திரும்பிப் போகிறார்கள்.

அந்தக் காலத்து மருந்துக் கடைக்காரர் எப்படி இருப்பார் என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்ததன் சுவை புரியும். பரீட்சை தேறியவர். ஜன்னலில் கலர் தண்ணீர் ஊற்றிய பெரிய கண்ணாடிக் குடுவை. மர அலமாரியில் தங்க எழுத்தில் லத்தீன் லேபிள். கல்லா எங்கே இருக்கிறது என்றே தெரியாது, ஏனென்றால் இது வியாபாரம் அல்ல, உத்தியோகம். விலையை வாய்விட்டுச் சொல்வதே அநாகரிகம். அப்படிப்பட்ட மனிதர்கள் மத்தியில் 1877 பிப்ரவரியில் உள்ளூர் நாளிதழ் ஒன்றில் ஜெஸ்ஸி பூட் ஒரு விளம்பரம் கொடுத்தார். 128 சரக்குகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே குறைத்த விலை. அவ்வளவுதான் விளம்பரம். வாரத்துக்கு 20 பவுண்டு புரண்ட கல்லாவில் ஒரே மாதத்தில் வாரத்துக்கு 100 பவுண்டு புரளத் தொடங்கியது.

விளம்பரம் படிக்கத் தெரியாதவர்களை விட்டுவிட முடியுமா? மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் அறிவிக்க ஓர் ஆளைப் பிடித்தார். நம்மூர்த் தண்டோராதான், தப்புக்குப் பதில் மணி. ராஜா உத்தரவையும் காணாமல்போன மாட்டையும் அறிவித்த மனிதர், நாளைக்குக் கூஸ் கேட்டில் பேதி உப்பு மலிவு என்று அறிவித்தார். மற்றவர்கள் அவுன்ஸ் கணக்கில், கைநோகாமல் காகிதத்தில் மடித்துக் கொடுத்த உப்பை, ஜெஸ்ஸி மொத்தமாக வாங்கிக் குவித்துப் பவுண்டு கணக்கில் கொடுத்தார். ரொக்கம் மட்டும், கடன் கிடையாது. பிறகு கடையின் பெயரிலேயே ‘கேஷ் கெமிஸ்ட்’ என்று சேர்த்துக்கொண்டார். பணம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற ஒரு தொழிலில், அதைப் பெயர்ப் பலகையில் ஏற்றியவர்.

இவ்வளவு விற்றும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கலக்க அவரால் முடியவில்லை. விஷப் பட்டியலில் உள்ளவற்றை விற்கவும் முடியவில்லை. சட்டம் கேட்ட தகுதி அவரிடம் இல்லை. இங்கேதான் பிரிட்டனின் நீதித்துறை அவருக்கு ஒரு கல்யாணப் பரிசு கொடுத்தது, கல்யாணத்துக்கு ஆறு வருஷம் முன்னதாக.

சட்டம் சொன்னது இது. தகுதியில்லாத எந்த ‘நபரும்’ கெமிஸ்ட் கடை வைக்கக் கூடாது. லண்டனில் ஒரு கூட்டுறவு மாதிரியான கம்பெனி கெமிஸ்ட் கடை வைத்தது. மருந்தாளுநர் சங்கம் வழக்குப் போட்டது. வழக்கு ஏறி ஏறி 1880இல் பிரபுக்கள் சபைக்கே வந்தது. விக் வைத்த பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்துச் சொன்ன தீர்ப்பு: கம்பெனி ஒரு நபர் அல்ல. நபர் அல்லாததால் அது பரீட்சை எழுத முடியாது. எழுத முடியாததால் தேறாமல் போனதற்காகத் தண்டிக்கவும் முடியாது. உள்ளே தகுதியுள்ள ஓர் ஆளை நிறுத்தி வைத்தால் போதும், கம்பெனி கடை வைத்துக்கொள்ளலாம்.

அதாவது, ஜெஸ்ஸி பூட் என்கிற மனிதன் கடை வைத்தால் குற்றம். ஜெஸ்ஸி பூட் என்கிற கம்பெனி வைத்தால் வியாபாரம். 1883இல் அவர் கம்பெனியானார். 1884இல் எட்வின் வாரிங் என்ற தேறிய மருந்தாளுநரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, டாக்டர் சீட்டுக்கு மருந்து கலக்கும் கூலியைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தார். லத்தீன் லேபிள்காரர்களின் அலறலை விவரிக்க வேண்டியதில்லை. இவ்வளவு மலிவாகக் கொடுத்தால் சரக்கில் கலப்படம்தான் இருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள். ஜெஸ்ஸி மான நஷ்ட வழக்கெல்லாம் போட்டு நேரத்தை வீணாக்கவில்லை. 1888இல் கம்பெனியின் பெயரையே ‘பூட்ஸ் சுத்த மருந்துக் கம்பெனி’ என்று மாற்றிவிட்டார். இனி யார் கலப்படம் என்று சொன்னாலும், பெயரைச் சொல்லும்போதே சுத்தம் என்றும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 1896இல் விலைக் குறைப்புக்காரர்களை ஒடுக்கவென்றே சில்லறைக் கடைக்காரர்கள் சங்கம் ஒன்று கிளம்பியது. பேட்டன்ட் மருந்துகளை நிர்ணயித்த விலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது என்பது அதன் குறிக்கோள். நோயாளி குறைந்த விலையில் குணமாவதைத் தடுக்க ஒரு சங்கம் என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆகவே சொல்லவில்லை.

நடுவில் ஆள் படுத்துவிட்டார். விடியுமுன் எழுந்து ராத்திரி வரைக்கும் கடை, கடை, கடை. முப்பத்தைந்து வயது தாண்டியும் கல்யாணமில்லை. உடம்பு ஓய்ந்து, கடையை விற்றுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போனார். ஓய்வுக்கென்று ஜெர்ஸி தீவுக்குப் போனார். அங்கே செயின்ட் ஹீலியர் ஊரில் ஒரு புத்தகக் கடைக்காரரின் மகளான ஃபுளோரன்ஸ் ரோவைப் பார்த்தார். 1886 ஆகஸ்டில் கல்யாணம். ஓய்வு அத்தோடு முடிந்தது. ஏனென்றால் அந்தப் பெண்ணும் கல்லாப்பெட்டியின் பக்கத்தில் வளர்ந்தவள்.

ஜெஸ்ஸிக்கு விலை தெரியும். ஆசை என்றால் என்னவென்று ஃபுளோரன்ஸுக்குத் தெரியும். மருந்து வாங்க வருகிறவன் சீக்காளி, அவன் மாதத்துக்கு ஒரு முறை வருவான். சீக்கில்லாதவனையும் உள்ளே இழுக்க வேண்டாமா? வாசனைத் திரவியம், எழுதுபொருள், படச் சட்டம், பரிசுப் பொருள் என்று கடைக்குள் கொண்டுவந்து நிரப்பினார். டீக்கடை வைத்தார். பிறகு, 1890களின் கடைசியில், மருந்துக் கடைக்குள் வாடகை நூலகம்.

இந்த நூலகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சந்தா கட்டிய உறுப்பினருக்கு ஒரு வில்லை. புத்தகத்தின் முதுகில், மேல்புறம், ஓர் ஓட்டை. அந்த ஓட்டையில் பச்சைக் கயிறு கோத்து வில்லையைத் தொங்கவிட்டுக்கொண்டு எடுத்துப் போகலாம். அட்டையில் பச்சைக் கேடயம் போல ஒரு முத்திரை. மேஜை நாற்காலி, பூங்கொத்து, மெதுவாகப் பேசும் பெண் நூலகர்கள். நாகரிகமான ஏற்பாடு. ஒரே ஒரு விஷயம், நூலகம் வாசலில் இருக்காது. கடையின் கோடியிலோ மாடியிலோ இருக்கும். காதல் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிற சீமாட்டி, சோப்பு, சீப்பு, பவுடர், இருமல் மிட்டாய், வெந்நீர்ப் பை எல்லாவற்றையும் கடந்துதான் அங்கே போக வேண்டும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதே வழியாகத் திரும்ப வேண்டும். நூலகம் தனியாக எவ்வளவு சம்பாதித்தது என்று கணக்குக் கேட்பவர்களுக்குச் சோப்பு எவ்வளவு விற்றது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1930களின் இறுதியில் வருஷத்துக்கு மூன்று கோடிக்கும் மேல் புத்தகங்கள் அங்கே கைமாறின. 1966 வரைக்கும் ஓடியது. பெரிய பெரிய அறிஞர்கள் வாசிப்புப் பழக்கத்தை வளர்க்கக் கமிட்டி போட்டு ஓய்ந்த தேசத்தில், அதைச் சத்தமில்லாமல் செய்தது ஒரு மருந்துக் கடை. பெண்மணிகளின் வாசிப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஃபுளோரன்ஸ் பூட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

அம்மையாரைப் பற்றி இன்னொன்று. கடையிலும் பாக்டரியிலும் வேலைக்கு வந்த பெண்கள் பலர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று கண்டுபிடித்து, வேலை தொடங்குமுன் சூடாக ஒரு கோப்பை கோகோ கொடுக்க ஏற்பாடு செய்தார். கம்பெனி வரலாற்றில் இதைக் கருணை என்று எழுதியிருக்கிறார்கள். கருணைதான். கோகோ குடித்த பெண் மதியம் வரைக்கும் மயங்கி விழாமல் நிற்பாள் என்பதும் உண்மைதான். பூட் தம்பதியிடம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்று தோற்றுவிட்டேன். அவர்களும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைகள் பெருகின. ஊருக்கு ஊர் கிளை. இவ்வளவு மலிவு வியாபாரி கட்டிடத்திலும் கஞ்சத்தனம் பிடிப்பார் என்று நினைத்தால் ஏமாற்றம். புதிதாகக் கட்டிய கடைகள் சிலவற்றை நானூறு வருஷப் பழசு போலக் கட்டவைத்தார். மரச்சட்டம் தெரியும் சுவர், கூரான கூரை, முகப்பில் சிலைகள். டெர்பி நகரக் கடையின் முகப்பில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் உட்பட அந்த ஊர்ப் பக்கத்துப் பெரியவர்கள் சிலையாக நிற்கிறார்கள். பரி செயின்ட் எட்மண்ட்ஸில் ஊர் பெயருக்குக் காரணமான அந்த ராஜாப் புனிதரே நிற்கிறார். மன்னர்கள் வரிசையாக நின்று வரவேற்க, உள்ளே போய் மூல வியாதிக்குக் களிம்பு வாங்கி வந்தார்கள். இந்தக் கௌரவத்தை எந்த மருந்துக் கடை கொடுக்கும்?

வெஸ்லியன் பிரசங்கியின் மகன் சபையை மறக்கவில்லை. நாட்டிங்ஹாமின் ஆல்பர்ட் ஹால் மதுவிலக்குக்காரர்கள் கட்டிய மண்டபம். 1906இல் எரிந்துபோயிற்று. மெதடிஸ்ட் மிஷன் அதைத் திரும்பக் கட்டி 1909இல் திறந்தபோது, பிரம்மாண்டமான குழாய் ஆர்கன் ஒன்றை வாங்கிக் கொடுத்தவர் ஜெஸ்ஸி. அதே வருஷம் அவருக்கு சர் பட்டமும் வந்தது. லிபரல் கட்சி ஆட்சியில் இருந்தது, இவர் லிபரல் கட்சிக்காரர். ஆர்கனுக்கும் பட்டத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம். கட்சிக்கும் பட்டத்துக்கும் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம், அந்தக் காலத்தில் எல்லாரும் போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் ஆர்கன் மண்டபத்துக்கு அவர் நடந்துபோகும் நிலைமையில் இல்லை. ஐம்பது வயதை ஒட்டி முடக்குவாதம் பிடித்தது. விரல்கள் கோணி, முழங்கால்கள் பூட்டிக்கொண்டு, நாளடைவில் சக்கர நாற்காலிதான் கதி. இருமலுக்கு, தலைவலிக்கு, பல்வலிக்கு, பேதிக்கு, பேதியாகாததற்கு என்று ஐந்நூறு கடைகளின் அலமாரி முழுக்க மருந்து. முதலாளியின் விரலை நீட்டிவிட அதில் ஒன்று கிடையாது. பரலோகத்துக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று வைத்துக்கொண்டாலும், இது கொஞ்சம் கொடூரமான ரகம். மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கம்பெனியை நடத்தினார். ஒரு கிளைக்கும் நிம்மதி கிடைக்கவில்லை.

உலகப் போர் வந்தது. அதுவரை ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த சாக்கரீனும் ஆஸ்பிரினும் நின்றுபோக, பூட்ஸ் பாக்டரியே செய்யத் தொடங்கியது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரை, பதுங்குகுழியில் பேனுக்குப் பவுடர், விஷவாயு முகமூடிக்கு மருந்து நிரப்புதல். போர் முடிந்தபோது கிழவர் கையில் ராட்சதக் கம்பெனி, எழுபது வயது, நகராத உடம்பு, ஜான் என்ற ஒரே மகன். நம்மூர்க் கதையாக இருந்தால் அடுத்த காட்சி பட்டாபிஷேகம்.

ஜெஸ்ஸி 1920இல் கம்பெனியைத் தூக்கி அமெரிக்கர்களிடம் விற்றுவிட்டார். பாஸ்டனைச் சேர்ந்த லூயிஸ் லிகெட் என்ற மருந்து வியாபாரியின் யுனைடெட் டிரக் கம்பெனிக்கு, சுமார் இரண்டேகால் மில்லியன் பவுண்டுக்கு. ‘தேசத்துக்கே கெமிஸ்ட்’ வேறு தேசத்துக்குப் போய்விட்டார். மகனிடம் கடையைக் கொடுத்தால் ஆறு மாதத்தில் மூடிவிடுவான் என்று பயந்தார் என்பது பரவலான பேச்சு. எந்தக் கடைக்கார அப்பாவுக்கு அந்தப் பயம் இல்லை? வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கர்கள் அந்த மகனையே தலைவராக்கி நடத்தவிட்டார்கள், அவர் அப்பாவுக்குச் சற்றும் குறையாமல் நடத்தினார். 1930களின் மந்தத்தில் லிகெட்டின் சாம்ராஜ்யம் ஆட்டம் கண்டபோது, 1933இல் கம்பெனியைத் திரும்பப் பிரிட்டன் கைக்குக் கொண்டுவந்தவரும் அந்த ஜான்தான். அப்பா அதைப் பார்க்க இல்லை. இருந்திருந்தால் விலை அதிகம் கொடுத்துவிட்டாய் என்று சொல்லியிருப்பார்.

கைக்கு வந்த பணத்தை என்ன செய்வது? ஊருக்கு மேற்கே ஹைஃபீல்ட்ஸ் என்ற எஸ்டேட், சுமார் 220 ஏக்கர். முதலில் அங்கே தோட்டமும் வீடுகளுமாக ஒரு மாதிரி பாக்டரி நகரம் கட்டுவதாக யோசனை. பிறகு மனதை மாற்றிக்கொண்டு, நகரத்துக்குள் இடநெருக்கடியில் திணறிய யூனிவர்சிட்டி காலேஜுக்குக் கொடுத்தார். ஜனங்களுக்கு ஒரு பூங்கா, படகு விட ஏரி, மேட்டின் மேல் வெள்ளைக் கல்லில் மணிக்கூண்டோடு கட்டிடம். வரைந்தவர் மார்லி ஹார்டர், பூட்ஸ் கடைகளை வரைந்த அதே ஆர்க்கிடெக்ட். பழகிய மேஸ்திரியை விட்டுப் போகக் கூடாது என்பது வியாபாரக் குடும்பங்களின் எழுதப்படாத விதி. 1928 ஜூலையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்துவைத்தார். பள்ளிக்கூடத்தைப் பதிமூன்று வயதில் விட்டவரின் பணத்தில் எழுந்த காலேஜ்.

எல்லாரும் கை தட்டியபோது ஒருவர் மட்டும் தட்டவில்லை. டி. ஹெச். லாரன்ஸ் அந்தப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளியின் மகன், அதே காலேஜில் 1906 முதல் இரண்டு வருஷம் படித்தவர். மாத்திரையும் களிம்பும் விற்ற ரொக்கத்தில் கல்வியா என்று கிண்டல் செய்து ஒரு கவிதையே எழுதினார். கவிதை சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் நாம் கொஞ்சம் வம்பும் பேசலாம். 1912இல் இதே காலேஜின் பேராசிரியர் ஒருவருடைய மனைவியோடு ஊரைவிட்டுப் போனவர் லாரன்ஸ். அந்த ஸ்தாபனத்தின் ஒழுக்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவரைவிடப் பொருத்தமில்லாத ஆள் கிடைப்பது கஷ்டம். தவிர, எந்தப் பல்கலைக்கழகத்தின் அஸ்திவாரத்தைத் தோண்டினாலும் நிலக்கரியோ சாராயமோ அடிமை வியாபாரமோ அகப்படும். பேதி உப்பு அகப்பட்டால் அது கொடுத்துவைத்த பல்கலைக்கழகம். மருந்துக் காசில் எழுந்த அந்தக் கட்டிடத்துக்கு 1931 அக்டோபரில் காந்தி வந்து பேசினார். மண் பட்டியையும் எலுமிச்சம் சாற்றையும் எனிமாவையும் நம்பியவர். பழைய ஜான் பூட்டின் மூலிகைக் கடையாக இருந்திருந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் பேசியிருப்பார்கள்.

காந்தி வருவதற்கு நாலு மாதம் முன்பு, ஜூன் 13 அன்று, ஜெஸ்ஸி பூட் ஜெர்ஸியில் காலமானார். ஃபுளோரன்ஸ் அவர் நினைவாக, தங்கள் வீட்டருகே மில்புரூக்கில் இருந்த செயின்ட் மேத்யூஸ் ஆலயத்தை உள்ளே முழுக்க மாற்றிக் கட்டவைத்தார். 1934இல் முடிந்தது. பலிபீடத்துக்குப் பின்னால் சிலுவை கண்ணாடி, தேவதூதர்கள் கண்ணாடி, ஞானஸ்நானத் தொட்டியும் கண்ணாடி. எல்லாம் ரெனே லாலிக் என்ற பிரெஞ்சுக் கலைஞரின் கைவண்ணம். லாலிக்கின் கண்ணாடியை உலகம் அறிந்தது எப்படி? வாசனைத் திரவியப் புட்டிகள் செய்து. எளிமையைப் போதித்த மெதடிஸ்ட் பிரசங்கியின் மகனுக்கு, ஆங்கிலிக்கன் ஆலயத்தில், சென்ட் பாட்டில் செய்தவர் கையால் நினைவுச் சின்னம். அழகாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிச்சம் விழும்போது அந்தத் தேவதூதர்கள் ஐஸ்கட்டியில் செதுக்கியவர்கள் போல நிற்கிறார்கள்.

கம்பெனி அதன்பின் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. தோசைக்கல் சுட்டால் மஞ்சளாகத் தடவிக்கொண்ட பர்னால், தொண்டை கட்டினால் சப்பும் ஸ்ட்ரெப்சில்ஸ் எல்லாம் பூட்ஸ் சரக்காக இருந்தவைதான். இன்னொன்று புரூஃபன். அதைக் கண்டுபிடித்தவர் ஸ்டூவர்ட் ஆடம்ஸ். பதினாறு வயதில் பூட்ஸ் கடையில் தொழில் பழகச் சேர்ந்து, கம்பெனி உதவியோடு நாட்டிங்ஹாமில் மருந்தியல் படித்தவர். 1953இல் அவருக்குக் கம்பெனி கொடுத்த வேலை, முடக்குவாதத்துக்கு மருந்து கண்டுபிடிப்பது. ஒரு பழைய வீட்டின் முன்னறையை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு, ரசாயனக்காரர் ஜான் நிக்கல்சனோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் சோதித்துத் தள்ளினார். 1960களின் தொடக்கத்தில் ஐபுபுரூஃபன் அகப்பட்டது. 1969இல் புரூஃபன் என்ற பெயரில் முடக்குவாத மருந்தாகக் கடைக்கு வந்தது. முதலாளிக்குத் தேவைப்பட்டதற்கு எழுபது வருஷம் தாமதம்.

ஆடம்ஸ் தன் மருந்துகளை முதலில் தானே சாப்பிட்டுப் பார்க்கும் ரகம். இந்த மருந்து சாதாரணத் தலைவலியையும் கேட்கிறது என்று அவர் அனுபவித்துத் தெரிந்துகொண்டது மாஸ்கோவில், ஒரு மாநாட்டில். காலையில் முதல் பேச்சு அவருடையது. முந்தின ராத்திரி நண்பர்களோடு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மண்டை பிளக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று 600 மில்லிகிராம் போட்டுக்கொண்டு மேடையேறினார். மதுவிலக்கு மண்டபத்துக்கு ஆர்கன் வாங்கிக் கொடுத்தவரின் கம்பெனி மருந்து, ஹேங்கோவரை அரை நொடியும் யோசிக்காமல் கேட்டது.